மலைநாட்டுச் சிறுதோட்டக் கோப்பி: ஊருக்கு நன்மை எந்த இடத்தில் வருகிறது?

திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியில் வசிக்கும் ஒரு தங்கை இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் அவருடைய மாமா, மாமிக்கு முக்கால் ஏக்கர் சரிவுக் காணி இருக்கிறது. இதுவரை உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்துவந்தார்கள். இப்போது ஒரு கொள்வனவாளர் வந்து, அரபிக்கா கோப்பி நட்டால் நல்ல விலை கிடைக்கும், ஊரும் முன்னேறும் என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பலாமா என்பது முதற் கேள்வி. கிளிவெட்டிக் காணியிலும் கோப்பி நடலாமா என்பது இரண்டாவது. ஏற்றுமதிப் பயிர்களோடு மலைநாட்டில் பல காலம் வேலை செய்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது: வேண்டாம். அரபிக்கா விரும்புவது 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான குளிர்ச்சி. நம் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடும். கோப்பிக்குப் பூ எடுக்க இரண்டு மூன்று மாத வறட்சியும் அதன் பின் ஒரு மழையும் தேவை. நம்முடைய மழையோ பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது, மீதி மாதங்கள் நீண்ட வறட்சி. கிணற்றடியில் பலா மர நிழலில் மற்றொரு கோப்பி இனமான ரொபஸ்டாவில் ஒன்றிரண்டு செடி உயிரோடு நிற்கலாம். அது ஆசைக்கு வளர்க்கும் மரமே தவிர வருமானப் பயிர் ஆகாது. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் இலங்கையின் தாழ்நிலத்தில் கோப்பி நட்டுப் பார்த்துத் தோற்றதற்கும் நிலமும் வெப்பமும் ஒத்துவராதது ஒரு காரணம்.

முதற் கேள்விக்குத்தான் விரிவான விடை தேவைப்படுகிறது. கோப்பி வெலிமடையில் விளையும், அதில் ஐயமில்லை. ஆனால் கோப்பிச் செடி தானாக எந்த ஊரையும் முன்னேற்றுவதில்லை. காணி யாருடைய பெயரில் இருக்கிறது, பறித்த பழம் எந்தக் கட்டத்தில் விற்கப்படுகிறது, தரம் பார்த்து விலை போடுகிறவர் யார் என்ற மூன்றையும் பொறுத்தே நன்மை வருவதும் வராததும். இந்த மூன்றையும் அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டின் வரலாறே சான்று.

பிரித்தானியர் 1820களில் கம்பளை, கன்னொறுவைப் பகுதிகளில் பெருந்தோட்டமாகக் கோப்பியைத் தொடங்குவதற்கு முன்பே கண்டிப் பகுதிக் கிராமங்களின் வீட்டுத்தோட்டங்களில் கோப்பி மரங்கள் நின்றன. பெருந்தோட்டங்கள் பெருகிய பிறகும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இலங்கை ஏற்றுமதி செய்த கோப்பியில் கணிசமான பங்கு அந்தக் கிராமத்துத் தோட்டங்களிலிருந்தே வந்தது. அந்தக் கோப்பி குறைந்த விலைக்கே போனது. கிராமத்தவர் பழத்தைத் தோலோடு உலர்த்தி வியாபாரியிடம் கொடுத்துவிடுவர். பெருந்தோட்டத்துக்காரரோ பழத்தைச் சதை நீக்கிக் கழுவிக் காயவைத்துத் தரமான கொட்டையாகக் கொழும்புக்கு அனுப்புவார். பதப்படுத்தும் வேலை யார் கையில் இருந்ததோ அவர் கைக்கே பெரும் பங்குப் பணமும் போனது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1870இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரை (ஓர் அந்தர் ஏறத்தாழ 50 கிலோ) எட்டியது. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அந்தப் பரப்பில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக மலைக்கு நடந்தே போன அவர்களில் பெருந்தொகையானோர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டார்கள். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாகத் தென்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே சாய்த்துவிட்டது. 1880 முதல் 1882 வரை இங்கே தங்கி ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், காற்றில் பறக்கும் வித்திகளைத் தடுக்க இடையில் வேறு மரமே இல்லாமல் மலைகள் முழுவதும் ஒரே பயிரை நட்டதுதான் நோய் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் என்று விளக்கினார். துரைமார் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்கும் பிறகு தேயிலைக்கும் மாறிக்கொண்டார்கள். கோப்பி வளர்த்த தொழிலாளர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் மிஞ்சவில்லை.

சிறுதோட்டக் கோப்பி இதற்கு நேர்மாறான அமைப்பு என்பதால்தான் எனக்கு அதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. இன்று கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, கேகாலை மாவட்டங்களில் கோப்பியின் பெரும்பகுதி வீட்டுத்தோட்டங்களில்தான் நிற்கிறது. பலா, ஈரப்பலா, முள்முருக்கு போன்ற மரங்களின் கீழ் மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், வாழை ஆகியவற்றோடு கோப்பியும் கலந்து நிற்கும். ஒன்று விலை இழந்தால் மற்றொன்று குடும்பத்தைத் தாங்கும். இத்தகைய தோட்டத்தில் கோப்பி பெருந்தொகை தராவிட்டாலும், உழைப்பைப் பிற பயிர்களோடு பங்கிட்டுக்கொண்டு ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் கைக்காசு தருகிறது. பள்ளிக்கூடச் செலவுக்கும் கடன் அடைப்பதற்கும் கிராமத்தில் அந்தக் காசுக்குத் தனி மதிப்பு உண்டு.

இனிப் பதப்படுத்தலைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஊர் நன்மையின் பெரும்பகுதி இதிலேதான் தங்கியிருக்கிறது. கோப்பிப் பழம் ஒரே கிளையில்கூட ஒரே நாளில் பழுப்பதில்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்பிப் போய், சிவந்த பழத்தை மட்டும் காம்பு கிளையோடு தங்கும்படி விரலால் திருகி எடுக்க வேண்டும். கிளையை ஒரே உருவாக உருவிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் பச்சைக் காயும் சேர்ந்து வரும், அடுத்த ஆண்டுப் பூ அரும்பும் காயப்படும். பறித்த பழத்தைத் தண்ணீர் நிறைந்த வாளியில் கொட்டினால் பூச்சி துளைத்ததும் சூம்பியதும் மிதக்கும். அவற்றை அள்ளி வேறாக்க வேண்டும். மூழ்கியதை அன்றைக்கே சதை நீக்கும் இயந்திரத்தில் விட வேண்டும். இரவு முழுவதும் சாக்கில் கிடந்தால் புளிப்பு ஏறிவிடும்.

சதை நீங்கிய கொட்டையின் மேல் வழுவழுப்பான ஒரு பசை ஒட்டியிருக்கும். தொட்டியில் 12 முதல் 36 மணி நேரம் வரை புளிக்கவைத்தால் அது கரையும். குளிர் கூடிய ஊரில் நேரமும் கூடும். முடிந்துவிட்டதா என்று பார்க்கும் முறை எளியது: ஒரு கைப்பிடி கொட்டையை அள்ளி, தண்ணீரில் அலசி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தேய்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை; குறுணிக்கல் உரசுவதுபோல் கறகறத்தால் உடனே கழுவிவிட வேண்டும். அதற்கு மேல் நாலு மணி நேரம் விட்டாலும் நாற்றம் ஏறிவிடும், அந்த நாற்றம் வறுத்த பின்னும் போகாது. கழுவியதை நிலத்தில் பரப்பாமல், வலை கட்டிய மேடையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாளில் பல தடவை கிளறி, மழைக்கும் பனிக்கும் மூடி, 10 முதல் 15 நாட்கள் வரை உலர்த்தினால் ஈரப்பதன் 11, 12 சதவீதத்துக்கு இறங்கும். அப்போது கொட்டையை மூடியிருக்கும் மெல்லிய உள்ளோட்டை உரித்துக் கொட்டையைக் கடித்தால் பல் பதியாது. கை பழகியவர்கள் சாக்கில் கையை விட்டுக் கேட்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். என்றாலும் ஈரமானி ஒன்று இருப்பது கொள்வனவாளருடன் வாதிட உதவும்.

இந்த வேலையின் கணக்கு இப்படி வருகிறது. நல்ல அரபிக்காப் பழம் 100 கிலோ பறித்தால், உள்ளோட்டோடு காய்ந்த கொட்டை 20 கிலோ அளவிலும், உள்ளோடு நீக்கிய பச்சைக் கொட்டை 16 முதல் 18 கிலோ வரையிலும், வறுத்த கோப்பி ஏறத்தாழ 14 கிலோவும் கிடைக்கும். பழமாகவே விற்பவர் மலையிலிருந்து இறக்கிக் கொடுப்பதில் பெரும்பகுதி தோலும் சதையும் நீரும்தான். அதற்கேற்ற விலையையே பெறுகிறார். ஒவ்வொரு கட்டம் கடக்கும்போதும் எடை குறைந்து விலை கூடுகிறது. கூடும் விலையின் ஒரு பங்கு அந்தக் கட்டத்தில் வேலை செய்தவர்களின் கூலியாகிறது. சதை நீக்குவது, கிளறுவது, கறுத்த கொட்டையைப் பொறுக்குவது எல்லாம் ஊரிலே நடந்தால் காணி இல்லாத வீட்டுக்கும் அந்தக் கூலி போகும்.

அதற்காக ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் சதை நீக்கிப் புளிக்கவைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வீட்டில் முப்பது விதமாகப் புளித்த கொட்டை ஒரே சாக்கில் கலந்தால் நல்ல விலைக்குப் போகாது. ஒரு பொதுக் கழுவு நிலையம் இருந்து, பழம் அங்கே வந்து, ஒரே சீராகப் பதப்படுத்தப்படுவதே தரத்துக்கு நல்லது. ஆகவே பழத்தை விற்பதா, கொட்டையை விற்பதா என்பதைவிட முக்கியமானது அந்த நிலையம் யாருடையது என்பது. அது கொள்வனவாளருடையதாக இருந்தால் ஊருக்குப் பழ விலையும் சில நாட் கூலியும் கிடைக்கும். சங்கத்துடையதாக இருந்தால் ஆண்டு முடிவில் இலாபத்தில் ஒரு பகுதி உறுப்பினர்களுக்கு மறுபடி பகிரப்படும். கணக்குப் புத்தகமும் ஊரவர் பார்வையில் இருக்கும்.

பிற நாடுகளில் இதன் பலன் தெரிகிறது. 1994ஆம் ஆண்டுப் படுகொலைக்குப் பின் ருவாண்டாவின் தெற்கிலுள்ள மராபாவில் சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, கழுவு நிலையம் அமைத்து, தம் கோப்பியைத் தரக் கோப்பியாக விற்கத் தொடங்கினார்கள். அதுவரை அந்த நாட்டுக் கோப்பியில் பெரும்பகுதி வீட்டில் அரைகுறையாகக் கழுவிய மலிவுச் சரக்காகவே போனது; பத்தாண்டுக்குள் நாட்டின் கழுவு நிலையங்கள் நூறைத் தாண்டின. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் ஆதிவாசிக் குடும்பங்கள் சிறு துண்டு நிலங்களில் நிழல் மரங்களுக்கும் மிளகுக்கும் இடையில் விளைவிக்கும் அரபிக்கா, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 1927இல் தொடங்கிய கொலம்பிய விவசாயிகள் சம்மேளனம் உறுப்பினரின் கொட்டையை அன்றைய விலைக்கு வாங்கிக்கொள்வதாகப் பொறுப்பேற்றிருப்பதால், அங்கே சிறு விவசாயி வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. மூன்று இடத்திலும் செடி ஒன்றுதான், மாற்றியது அமைப்பு.

விலையைப் பற்றி உங்கள் மாமா, மாமிக்கு யாரும் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1989இல் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின்படி நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு வகுத்துவந்த பங்கீட்டு முறை முறிந்த பின் உலக விலைக்குக் கடிவாளம் இல்லை. 2001இல் ஓர் இறாத்தல் அரபிக்கா 50 அமெரிக்க சதத்துக்கும் கீழே இறங்கியது. 2025 தொடக்கத்தில் 4 டொலரைத் தாண்டியது. நாற்று நட்டால் முதல் அறுவடைக்கு மூன்று ஆண்டு, முழு விளைச்சலுக்கு ஐந்தாறு ஆண்டு ஆகும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் வேறொரு விலைக்குத்தான் விற்பார். நியாய வணிகச் (Fairtrade) சான்றிதழ் உள்ள சங்கங்களின் கழுவிய அரபிக்காவுக்கு இறாத்தலுக்கு 1.80 டொலர் என்ற கீழெல்லை 2023 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேல் 20 சதம் பொதுத் தேவைக்கென்று சங்கத்துக்குத் தரப்படும், அதைப் பாதைக்கா, பள்ளிக்கூடத்துக்கா, உலர்த்தும் மேடைக்கா என்று உறுப்பினர்களே முடிவுசெய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சான்றிதழ் பெற்ற சங்கங்கள் தம் கொட்டை முழுவதையும் அந்த விலைக்கு விற்க முடிவதில்லை. வாங்குவோர் கேட்கும் அளவுக்குத்தான்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பறிப்பது, மிதப்பதை அள்ளுவது, கிளறுவது, பொறுக்குவது அனைத்தும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. சங்கத்தில் உறுப்பினர் பெயரும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் ஆண்களுடையவை. இப்படியிருந்தால் ஊருக்கு வரும் பணம் வீட்டுக்குள் வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. சங்கம் அமைக்கும்போதே கணவன், மனைவி இருவரையும் உறுப்பினராக்கி, கூலியைப் பறித்தவர் கையிலேயே கொடுப்பது என்று விதி எழுதிவிடுவது நல்லது. பின்னால் மாற்றப் பார்த்தால் சண்டையில் முடியும்.

காணியின் நிலைமை இன்னும் கசப்பானது. மலையகத் தமிழரின் மூதாதையர் முதன்முதலில் கொண்டுவரப்பட்டது கோப்பிக்காகவே. ஆனால் இன்றைய சிறுதோட்டக் கோப்பியால் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் அவர்களைத் தொடுவதில்லை, ஏனென்றால் தோட்டத்து லயன்களில் வாழும் குடும்பங்களுக்கு நடுவதற்குச் சொந்தக் காணி இல்லை. வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்களுக்கும் வீடு கட்டியதுபோக நாலு செடி நட இடம் மிஞ்சினால் அதிசயம். ஊர் முன்னேற்றம் என்று பேசுகிற எவரும், எந்த ஊர், யாருடைய ஊர் என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தோட்டங்களில் தரிசாகக் கிடக்கும் சரிவுகளை நீண்டகாலக் குத்தகையாகவாவது அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தால், கோப்பி அவர்களுக்குப் பொருத்தமான பயிர். செடியின் வேலையும் மலையின் குணமும் அவர்களுக்குத் தெரியும்.

கிளிவெட்டியிலிருந்து கேட்கிற உங்களுக்கு இதில் நேரடி அக்கறை இருக்கிறது. வெலிமடை உமா ஓயாவின் நீரேந்துப் பகுதி. உமா ஓயா ரந்தம்பை அருகில் மகாவலியில் கலக்கிறது. மகாவலி வெருகலாற்றின் வழியாகவும் கொட்டியாரக் குடாவிலும் கடலை அடைகிறது. மாவிலாற்றில் திருப்பிய அந்த நீர்தான் உங்கள் பக்கத்து அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. சரிவில் உருளைக்கிழங்கு செய்ய ஆண்டில் இரு முறை மண்ணைக் கிளற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடி ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் மண்டியாகப் படிகிறது. நிழலுக்குக் கீழ், விழுந்த இலையை மூடாக்காக விட்டு, சமவரம்பு கட்டி நடும் கோப்பி அந்த மண்ணைப் பிடித்து வைக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பி இதைச் செய்யவில்லை. மண்வெட்டியால் புல் பூண்டின்றிச் சுரண்டிய சரிவுகளிலிருந்து மண் ஆறாக ஓடியது. காட்டழிவு அவ்வளவு மோசமானதால்தான் 1873இல் கியூ தாவரப் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக்கூடாது என்று பரிந்துரைத்தார். நடும் முறைதான் வேறுபாடு.

ஆனால் கழுவு நிலையத்துக் கழிவுநீரை ஓடையில் விட்டால், சதையின் சர்க்கரை புளித்து நீரின் ஒட்சிசனைத் தின்றுவிடும். மீனும் சாகும், கீழே குடிப்பவருக்கும் கேடு. சதையைக் குழியில் போட்டு மட்கவைத்துச் செடிக்கே திருப்பிப் போடுவதும், நீரை வடிகட்டுக் குழிகளில் தங்கவிடுவதும் செலவு அதிகமில்லாத ஏற்பாடுகள். நிலையம் கட்டும் முன்பே இதைக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும்.

ஆகவே உங்கள் மாமா, மாமிக்கு என் ஆலோசனை இது. முக்கால் ஏக்கரையும் மாற்ற வேண்டாம். சரிவு கூடிய பாதியை முதலில் மாற்றட்டும், மட்டமான பகுதியில் மரக்கறி தொடரட்டும். இரண்டு மீற்றர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,000 செடி பிடிக்கும். நிழல் மரத்துக்கும் மிளகுக்கும் இடம் விடுவதானால் அவ்வளவு வேண்டாம். நாற்றை ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் நாற்றுமேடையிலோ, அது சிபாரிசு செய்யும் இடத்திலோ எடுத்து, இலைத்துருவைத் தாங்கும் இனம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். துரு இன்றைக்கும் நம் மலைகளில் இருக்கிறது. நிழல் நல்லதென்று கிளைகளை அடர விட்டால் ஈரம் தங்கி அதே நோய் கூடும், எனவே ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து அவசியம். முதல் மூன்று ஆண்டுக்கு வாழையும் போஞ்சியும் இடைப்பயிராகச் சாப்பாட்டுக்கு வழி செய்யும்.

கொள்வனவாளரிடம் கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழத்துக்கா, காய்ந்த கொட்டைக்கா விலை, அந்த விலை எந்த நாளின் சந்தை விலையோடு கட்டப்பட்டது, நிறுப்பது யாருடைய தராசு, ஈரப்பதன் பார்ப்பது யாருடைய கருவி, நிராகரித்த சரக்கைத் திருப்பித் தருவாரா, வேறொருவருக்கு விற்கத் தடை உண்டா. இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவருக்காக ஒரு கிழங்கு வரம்பையும் அழிக்க வேண்டாம். அயலிலுள்ள பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் பதில் விரைவில் வரும். அந்தக் கூட்டம் முதற் பணத்தில் சதை நீக்கும் இயந்திரம் வாங்குவதற்கு முன், தன் பெயரில் ஒரு தராசும் ஒரு ஈரமானியும் வாங்கட்டும்.

திருகோணமலையிலிருந்தும் ஒரு கை கொடுக்கலாம். நம் வீடுகளில் மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பித்தூளுக்கு இன்றும் தேவை இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் தங்கும் பயணிகள் இலங்கைக் கோப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பச்சைக் கொட்டை, ஈரம் ஏறாமல் வைத்தால், மாதக் கணக்கில் கெடாது. உங்கள் மாதர் சங்கம் வெலிமடைக் கூட்டத்திடம் நேரடியாகக் கொட்டை வாங்கி, இங்கே வறுத்து இடித்து விற்றால், இடைத்தரகரின் பங்கு இரண்டு ஊருக்கும் பிரியும். தொடக்கத்துக்கு 25 கிலோ போதும். கடலோர ஈரக்காற்று நம் ஊரில் அதிகம் என்பதால், காற்றுப் புகாத வாளியில் வைத்து, விற்பனைக்குத் தேவையான அளவை மட்டும் அந்தந்த வாரம் வறுத்துக்கொள்ளுங்கள்.